வலது இறக்கை

விமானத்தைச் செய்தவரே அதன் குறைகளைத் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது நோரா மிஸ் போட்ட சட்டம். பறக்கவிடும்போது அவருடைய இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும், கண் ஆகாயத்தில் இருக்கும், வாய் மட்டும்தான் காலி. அவர் சொல்லச் சொல்ல யாராவது பக்கத்தில் நின்று எழுதியாக வேண்டும். வேறு ஆளை நிறுத்தினால் செய்தவர்கள் பிற்பாடு வந்து, "எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியாது மிஸ்" என்று மல்லுக்கு நிற்கிறார்கள். நாலைந்து பேரிடம் இப்படிப் பட்டபிறகு, நீங்களே எழுதுங்கள், கடைசியில் கையெழுத்தும் நீங்களே போடுங்கள் என்று முடித்துவிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் எடுக்கிற மனுஷி. அவர் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பாதி ஆயுசு போய்விடும் என்று பெங்களூரில் ரிமோட் விமானம் விடுகிறவர்கள் சொல்வார்கள்.

1999 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் வற்றிக் கிடந்த ஏரிக்குள், கையில் நோட்டும் கழுத்தில் ஸ்டாப்வாட்சுமாக அவர் பக்கத்தில் இராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வெயிலால் வந்த வியர்வை அல்ல.

தரையில் இருந்தது ஐந்தரை அடி இறக்கையுள்ள சின்ன கிளைடர். மூக்கில் ஒரு மோட்டார். அதை ஓட்டி மேலே ஏற்றி நிறுத்திவிட்டால் விசிறி மடங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு பருந்து மாதிரி மிதந்து இறங்க வேண்டியதுதான். மோட்டாருக்கும் சரி, கீழேயிருந்து வரும் சிக்னலைக் கேட்டு வாலைத் திருப்பும் கருவிக்கும் சரி, ஒரே பேட்டரி. கடைசி ஆணிவரை இராஜமாணிக்கத்தின் கைவேலை.

சுந்தரமூர்த்தியின் கம்பெனியில் அவன் பதினோரு வருஷமாகத் தெர்மாகோல் அறுக்கிறவன். பெட்டிக்குள் கம்ப்யூட்டர் ஆடாமல் இருக்க நாலு மூலைக்கும் முட்டுக் கொடுப்பார்களே, அந்த வெள்ளைக் கட்டைகள். மிச்சத் துண்டுகளில் அவன் விமானம் செய்து விடுவதைப் பார்த்த முதலாளிக்கு என்ன தோன்றியதோ, பின்பக்கத்து ஷெட்டைக் கொடுத்து, "ஒரு வருஷம் டைம். விக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு காட்டு" என்றார். வருஷம் முடிந்துவிட்டது. இன்றைக்கு மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார். நோரா மிஸ் சரி என்று சொல்லிவிட்டால் அவர் இருநூறு விமானம் எடுத்துக்கொள்வார், ஷெட் இராஜமாணிக்கத்துடையது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் தெர்மாகோல் அறுக்கிற சூட்டுக் கம்பிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரு வருஷம் ஆகாயத்தைப் பார்த்து வேலை செய்தவனுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியாக ஒருதரம் கையால் வீசிப் பார்ப்போமே என்று விமானத்தை இதே ஏரிக்கு எடுத்து வந்தான். பேட்டரி ஷெட்டில் சார்ஜில் கிடந்தது. மூக்கில் அந்தக் கனம் இல்லாவிட்டால் வால் கனத்துப்போகும், வீசியதும் விமானம் மூக்கைத் தூக்கி அப்படியே நின்று பொத்தென்று விழும். அவனுக்குத் தெரியாததா? வாங்குகிறவர்களுக்கென்று அடித்து வைத்திருந்த காகிதத்தில் முதல் வரியே, கொட்டை எழுத்தில், 'பேட்டரி இல்லாமல் வீசாதீர்கள்' என்பதுதான். எழுதின புண்ணியவான் வீசினான். விமானம் மூக்கைத் தூக்கியது, நின்றது, வலது இறக்கை தரையில் குத்த விழுந்தது. இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் குச்சியை ஸ்பார் என்பார்கள், அதுதான் முதுகெலும்பு. அது உடம்போடு சேரும் இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி முறிந்துபோயிருந்தது.

புது இறக்கைக்கு நாலு நாள் வேண்டும், இருந்தது ஒரு நாள். முறிந்த இடத்தில் இரண்டு பக்கமும் மரப்பட்டை வைத்து, நூல் சுற்றி, பசை ஊற்றினான். மேலே மஞ்சள் தாளை இஸ்திரி போட்டு ஒட்டி மூடிவிட்டான். தடவிப் பார்த்தாலும் தெரியாது. இறக்கை முறிந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படி முறிந்தது என்று அடுத்து கேட்பார்களே, அதற்குத்தான் அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ரெடியா மாணிக்கம்? டைம் போடுங்க," என்று நோரா மிஸ் விமானத்தைத் தூக்கி வீசினார்.

மோட்டார் சீறியது. விமானம் கொஞ்சமும் தடுமாறாமல் ஏறியது. பின்னால் வேன் நிழலில், தலையில் கர்ச்சீப் போட்டுக்கொண்டு நின்ற சுந்தரமூர்த்தி, "போடு!" என்று கை தட்டினார்.

"எழுதுங்க. கையை விட்டதும் நேரா போகுது, இழுக்கல. நாப்பது செகண்ட்ல வேண்டிய உயரம் வந்துருச்சு. மோட்டார் ஆஃப். ம், நல்லா மிதக்குது." எதையும் வீணாக்காத குரல். இராஜமாணிக்கம் எழுதினான். அவர் கொண்டுவந்த நோட்டில் சோதனைகள் வரிசையாக இருந்தன: ஏற்றம், மிதப்பு, திருப்பம், வேகம் குறைத்து நிறுத்திப் பார்ப்பது. கடைசியாக ஸ்பின். அதாவது வேண்டுமென்றே விமானத்தைச் சுழன்று விழவிட்டு, பாதியில் நிமிர்த்துவது. நிமிர்த்தும்போது இறக்கை மேல் வருகிற பாரத்தை நினைத்துத்தான் அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குள் பேட்டரி தீர்ந்து இறக்கிவிடமாட்டாரா என்று வேண்டாத தெய்வம் இல்லை.

"லெஃப்ட் திருப்பினா தயங்குது," என்றார் நோரா மிஸ். "வலது பக்கம் கொஞ்சம் கனம் இருக்கு. என்ன வெச்சிருக்கீங்க அதுல?"

"தாளு... அந்தப் பக்கம் ரெண்டு சுத்து வந்துருச்சு மிஸ்."

"அப்ப அதையே எழுதுங்க."

எழுதினான். பொய்யை வாயால் சொல்வது ஒன்று, தன் கையெழுத்தில் பார்ப்பது வேறு. அந்த வரி நோட்டில் மற்ற வரிகளைவிடப் பெரிதாகத் தெரிந்தது அவனுக்கு.

இரண்டாவது ஏற்றம், மூன்றாவது ஏற்றம். பதினொன்றாவது நிமிஷத்தில் கரைக்கு மேலே இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததை நோரா மிஸ் பார்த்தார். சூடான காற்று மேலே கிளம்புகிற இடத்தைப் பருந்துதான் காட்டிக்கொடுக்கும். விமானத்தை அங்கே கொண்டுபோய் அவற்றோடு சேர்த்து வட்டம் போடவிட்டார். மோட்டார் நின்றுதான் இருந்தது, விமானம் ஏறியது.

"எழுதுங்க, எழுதுங்க! மோட்டார் இல்லாம ஏறுது. சூப்பர், மாணிக்கம். சின்னதா ஏறுற காத்துகூட இதுக்குப் புரியுது." அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுந்தரமூர்த்தி வேன் நிழலை விட்டு வெயிலுக்கே வந்துவிட்டார். நான் செய்தது, நான் செய்தது என்று இராஜமாணிக்கத்துக்குள்ளே ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான்.

பதினான்காவது நிமிஷம் நோரா மிஸ்ஸின் குரல் மாறியது.

"இறங்க மாட்டேங்குது."

மூக்கைத் தாழ்த்தினார். விமானம் வேகம் பிடித்தது, இறக்கை விசிலடிக்கும் சத்தம் கீழேவரை கேட்டது. விட்டதும் மறுபடி ஏறியது. காற்று சும்மா ஏற்றவில்லை, கூடவே இழுத்துக்கொண்டும் போனது. பருந்துகள் கீழே தங்கிவிட்டன. விமானம் கரையைத் தாண்டியிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஓசூர் ரோடு. சனிக்கிழமை காலை, லாரியும் பஸ்ஸும் டூவீலருமாக ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போகிற நேரம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான சாமான் ஆயிரம் அடியிலிருந்து ஒருவன் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஃபிசிக்ஸ் டீச்சர் தேவையில்லை.

"இப்படியே விட்டா கண்ணுக்கு மறைஞ்சிரும். பேட்டரி போச்சுன்னா எங்க போய் விழும்னு சொல்ல முடியாது," என்றார் நோரா மிஸ். "ஸ்பின்ல போட்டு சரசரன்னு இறக்கிடுறேன். நிமித்தும்போது வெயிட்டு வரும். இறக்கை தாங்கும்ல?"

இராஜமாணிக்கம் வாயைத் திறந்தான். தாங்கும் என்று ஒரு வார்த்தைதான். தாங்கினாலும் தாங்கும். பட்டை வைத்திருக்கிறான், நூல் சுற்றியிருக்கிறான். பின்னாலேயே முதலாளி நிற்கிறார். மத்தியானம் சென்னைக்காரர் வருகிறார். கரைக்கு மேலாக ஒரு பஸ்ஸின் கூரை ஊர்ந்து போனது, அதன் மேல் ஏணியில் ஒரு ஆள் தொற்றிக்கொண்டிருந்தான்.

"மாணிக்கம், கேட்டேன்ல?"

"வேணாம் மிஸ். தாங்காது."

"என்னது?"

"வலது இறக்கை. உள்ள ஸ்பார் உடைஞ்சிருச்சு. ஒட்டுப் போட்டு மூடியிருக்கேன். தாளு ரெண்டு சுத்துன்னு சொன்னது பொய்."

"யோவ், என்னய்யா உளர்ற?" என்று சுந்தரமூர்த்தி பாய்ந்து வந்தார். "ஏய் மாணிக்கம்!"

"சார், பேசாதீங்க," என்றார் நோரா மிஸ். தலையைத் திருப்பவில்லை. கட்டைவிரல்கள் மட்டும் ரிமோட் குச்சிகளில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. "எப்படி உடைஞ்சுதுன்னு அப்புறம் கேக்கிறேன். பேட்டரி இன்னும் எத்தனை நிமிஷம்?"

"நாலு ஏத்தத்துக்குன்னு கட்டினது, மூணுதான் ஓட்டியிருக்கீங்க. மோட்டாரைத் தொடலைன்னா ஒம்பது நிமிஷம். தொட்டா ரெண்டு."

"இதுவாச்சும் நிஜமா?"

அவனுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டான். "நிஜம் மிஸ்."

"சரி. இனிமே மெதுவாத்தான் கொண்டு வரணும். ஏறுற காத்துக்குப் பக்கத்துலயே இறங்குற காத்து இருக்கும், அதைப் புடிக்கணும்." சொல்லிக்கொண்டே கண்ணைச் சுருக்கினார். பிறகு, முதல்முறையாக, அவர் குரலில் பயம் வந்தது. "மாணிக்கம், எனக்குத் தெரியல. அந்த வெள்ளை மேகத்துல போயிருச்சு. உங்களுக்குத் தெரியுதா?"

நோட்டைக் கீழே போட்டான். கையைக் குடையாகப் பிடித்துத் தேடினான். வெளுத்த ஆகாயம்தான் இருந்தது. பிறகு ஓர் ஊசிமுனை மஞ்சள் மினுங்கி மறைந்தது. "தெரியுது! தெரியுது மிஸ். மேகத்துக்கு இடது ஓரம்."

"கண்ணை எடுக்காதீங்க. எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?"

"ரோட்டைப் பார்த்து. நம்மளை விட்டுப் போகுது."

"லெஃப்ட் குடுக்கிறேன். சாயுதா?"

"இல்ல... இல்ல மிஸ்... ம், சாயுது. திரும்புது. இன்னும், இன்னும். போதும்! நம்மளைப் பார்த்து வருது."

"மூக்கு?"

"கொஞ்சம் கீழ."

அப்படியே ஒரு நிமிஷம் போனது. நோரா மிஸ் விமானம் தெரியாத ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, இவன் வாயை நம்பி விரலை அசைத்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கூசாமல் பொய் சொன்ன வாய். இராஜமாணிக்கம் கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்தான். வெயிலில் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. சுந்தரமூர்த்தி கீழே கிடந்த ஸ்டாப்வாட்சின் கயிற்றை இழுத்துப் பிடித்து நிமிஷம் பார்த்தார். எப்போது கழுத்திலிருந்து அறுந்தது என்று இராஜமாணிக்கத்துக்கே தெரியாது.

"பதினெட்டு," என்றார் அவர்.

"அப்படியே நிக்குது மிஸ். முன்னாடி வர மாட்டேங்குது. மறுபடி ஏறுது."

"இன்னும் கொஞ்சம் மூக்கைக் குறைக்கிறேன். இறக்கை நடுங்குச்சுன்னா உடனே சொல்லுங்க."

"குறையுது... வருது... நடுங்குது! மிஸ், நடுங்குது!"

விரல் பின்னால் வந்தது. "இப்ப?"

"நின்னுருச்சு. வருது."

பத்தொன்பது, இருபது. கரைக்கு இப்பக்கம் வந்ததும் விமானம் திடீரென்று யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல் இறங்கத் தொடங்கியது. இறங்குகிற காற்று கிடைத்துவிட்டது. "விழுதா, இறங்குதா?" என்று கத்தினார் நோரா மிஸ். "இறங்குது, நேரா இருக்கு," என்று இவனும் கத்தினான். மஞ்சள் புள்ளி விரல் அளவாகி, முழம் அளவாகி, இரண்டு இறக்கையும் தெரிந்தது.

"பாத்துட்டேன்," என்றார் நோரா மிஸ். அதற்குமேல் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. "ரெஸ்பான்ஸ் ஸ்லோவாயிருச்சு. பேட்டரி போகுது."

திருப்பிச் சுற்றி வர நேரமில்லை. எப்படி வந்ததோ அப்படியே இறக்கினார். ஏரிக்குள் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறின. வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விமானம் இருபது அடி ஓடி நின்றது. நோரா மிஸ் ரிமோட்டில் வாலை அசைத்துப் பார்த்தார். வால் அசையவில்லை.

மூன்று பேரும் ஓடினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. சுந்தரமூர்த்தி விமானத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். முதலாளிக்குக் கோபம் வருகிற வேகத்திலேயே போய்விடும், வியாபாரம் மட்டும் மறக்காது. "பாருங்க மிஸ், ஒண்ணும் ஆகலையே! அவ்ளோ உயரம் போயிட்டு வந்துருக்கு. ஒட்டுப் போட்டதே இப்படின்னா புதுசு எப்படி இருக்கும்? இவன் சும்மா பயந்தாங்கொள்ளி. பாஸ்னு போட்டுக் குடுத்துருங்க, மத்தியானம் அந்தாளு வர்றாரு."

"தாங்குமான்னு கேட்டேன், அவரு தாங்காதுன்னாரு," என்றார் நோரா மிஸ். "அது தெரியாம நான் எதையும் போட முடியாது. இங்கயே பார்த்துருவோம். ரெண்டு பெட்டி எடுங்க."

வேனிலிருந்து இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. அவற்றை மூன்றடி இடைவெளியில் வைத்து, இறக்கைகள் மட்டும் அவற்றின் மேல் படியும்படி விமானத்தைக் கிடத்தினார்கள். நடுவே, உடம்புக்குக் கீழே, ஒரு துணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்றாக அதில் போட வேண்டும். ஸ்பின்னிலிருந்து நிமிரும்போது வருகிற பாரத்துக்கு நாலு பாட்டில் கணக்கு என்றார் நோரா மிஸ். செய்தவர்தான் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் பாட்டில்களை இராஜமாணிக்கத்தின் பக்கம் நகர்த்தினார்.

அப்போதுதான் அவன் வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னான். பேட்டரி சார்ஜில் இருந்ததை, வீசியதை, மூக்கைத் தூக்கியதை, எல்லாவற்றையும் குனிந்துகொண்டே சொன்னான். சுந்தரமூர்த்தி பல்லைக் கடித்தார். நோரா மிஸ் சிரிப்பை அடக்கியதுபோல் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

முதல் பாட்டில். இறக்கைகள் கொஞ்சம் வளைந்தன. இரண்டாவது. மூன்று பேரும் வலது இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளுக்கடியில் ஒட்டு இருக்கும் இடத்தை இராஜமாணிக்கம் கண்ணாலேயே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது பாட்டிலைப் பைக்குள் இறக்கிக் கையை எடுத்தான்.

சடக்கென்று முறிந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து பாட்டில்கள் உருண்டன.

வலது இறக்கை பெட்டி மேல் முழுசாக இருந்தது. முறிந்தது இடது இறக்கை.

இராஜமாணிக்கம் மண்டியிட்டு, கிழிந்த தாளை விலக்கிப் பார்த்தான். உடம்போடு சேரும் இடத்திலிருந்து நாலு விரற்கடை. வியாழக்கிழமை வலதில் முறிந்த அதே இடம். இரண்டு இறக்கையையும் சேர்க்கிற எஃகுக் கம்பி அங்கேதான் முடிகிறது, பாரம் முழுவதும் அங்கே வந்து நிற்கிறது. வலதில் அவன் திருட்டுத்தனமாக வைத்த பட்டைகள் அதைத் தாங்கிக்கொண்டன. இடதில் அவன் ஆசை ஆசையாகச் செய்த, ஒட்டில்லாத, சுத்தமான குச்சி தாங்கவில்லை. பெட்டியில் போட்டு அனுப்பவிருந்த இருநூறும் இதே குச்சிதான்.

"ஃபெயில்," என்றார் நோரா மிஸ். "ரெண்டு பக்கமும் அந்தப் பட்டையை வெச்சு புது இறக்கையோட வாங்க. மறுபடி பார்க்கிறேன்."

"அதுவரைக்கும் அந்தாளு காத்துக்கிட்டு இருக்கமாட்டாரு மிஸ்." சுந்தரமூர்த்தி கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு இராஜமாணிக்கத்தைப் பார்க்காமல் சொன்னார். "திங்கக்கிழமை கட்டிங்குக்கு வந்துரு. ஷெட்டு சாவி உன்கிட்டயே இருக்கட்டும், ஆறு மணிக்கு மேல என்ன பேஜார் பண்றியோ பண்ணிக்கோ." வேனை நோக்கி நடந்துவிட்டார்.

போயிற்று என்று இராஜமாணிக்கத்துக்குத் தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. நோரா மிஸ் முறிந்த இறக்கையைக் கையில் எடுத்து, முறிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லுங்க. வியாழக்கிழமை ஒண்ணுமே உடையலைன்னு வெச்சுக்குவோம். மேல நிக்கிறப்ப தாங்குமான்னு நான் கேட்டிருந்தா?"

கரை தாழ்ந்திருந்த இடத்தில், ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் போனது. புருஷன், பெண்சாதி, முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளை. அவன் அது லாரிக்குப் பின்னால் மறையும்வரை பார்த்தான்.

"தாங்கும்னு சொல்லியிருப்பேன் மிஸ்," என்றான். "நிஜமான்னு கேட்டிருந்தா, சத்தியமே பண்ணியிருப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள், ஸ்கூட்டரில் முன்னால் நின்ற அந்தப் பிள்ளையின் தலை அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்படியே சேற்றுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.